வந்த முகத்தோடே வெளியேறுக!

சோபாக்காரர் அன்று முடிதிருத்தும் கடைக்குப் போயிருக்கவே வேண்டாம். வீட்டிலேயே சவரக்கத்தி இருந்தது, சோப்பு இருந்தது, கண்ணாடியும் இருந்தது. கண்ணாடியில் பாதி ரசம் போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் மீதிப் பாதியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி இரண்டு கன்னத்தையும் ஒப்பேற்றிவிடுவதில் அவருக்குப் பல வருஷப் பழக்கம்.

மனைவிதான் விரட்டினாள்.

"பொண்ணு சனிக்கிழமை காலைல ரயில் ஏறுறா. நர்ஸ் படிப்பு முடியற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. ஸ்டேஷன்ல மூணு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படுறா. அதுல நீங்க பஞ்சு பிதுங்கின சோபா மாதிரி நிக்காதீங்க. போயி மனுஷனா வாங்க."

கிழிந்த சோபாக்களுக்குப் பஞ்சு திணித்துத் துணி மாற்றித் தருகிறவரைப் பார்த்து இப்படிச் சொன்னால் உறைக்காமல் இருக்குமா? வியாழக்கிழமை காலை முதல் ஆளாகப் போய்க் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கடையில் ஒரே ஒரு நாற்காலி. முதலாளி, தொழிலாளி, ஊர்ச் செய்தி சொல்பவர் எல்லாம் ஒருவரே. தெருவே அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடும். கத்தரி, சோபாக்காரரின் இடது கன்னத்தைப் பளபளவென்று வழித்து முடித்தார். வலது கன்னத்தில் கெட்டியாக நுரை போட்டார். கத்தியைத் தீட்டத் திரும்பியபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வந்தவர் ஊர்ச் சிறையின் கண்காணிப்பாளர்.

ஊர்ச் சிறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தபால் நிலையத்துக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இரண்டு அறை, ஒரு முற்றம், ஓர் அலுவலகம். தெருவில் சத்தம் போட்டவர், குப்பையை இடம் மாற்றிக் கொட்டியவர் போன்ற மகா பாவிகளை ஒரு நாள் உள்ளே உட்காரவைத்து அனுப்புவதற்காகக் கட்டியது. ஆனால் கண்காணிப்பாளரின் நடையைப் பார்த்தால், அவருக்குப் பின்னால் ஒரு கோட்டையே எழுந்து வருவதுபோல் இருக்கும். இப்போதைக்குப் பின்னால் வந்தது தலைமைக் காவலர் மட்டும்தான்.

"எழுந்திரு. எனக்கு மீட்டிங் இருக்கு," என்றார் கண்காணிப்பாளர், நாற்காலியைப் பார்த்து. நாற்காலியில் ஆள் இருப்பது ஒரு சின்ன இடைஞ்சலாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

"பாதியில எப்படி சார் எழுந்திருக்கிறது?" என்றார் சோபாக்காரர். "இன்னும் ஒரு கன்னம்தான். வரிசையில உக்காருங்க, இதோ முடிஞ்சிடும்."

மற்றவர்களை வரிசையில் நிறுத்தியே வயதானவர் கண்காணிப்பாளர். தன்னை ஒருவன் அதில் உட்காரச் சொல்வான் என்பது அவருடைய பணி அனுபவத்தில் இல்லை.

"அரசாங்க முகத்தைக் கடமைக்குத் தயாராக விடாமல் தடுத்த குற்றம்," என்றார் அமைதியாக. "ஒரு நாள் உள்ளே வைங்க."

நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அவர் அதில் உட்கார்ந்துவிட்டார். சோபாக்காரரைக் கழுத்துத் துண்டோடும் நுரையோடும் தெருவில் நடத்திக்கொண்டு போனார் தலைமைக் காவலர். கெட்ட மனிதர் இல்லை. வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒரு நாள்தான் அண்ணே. நாளைக்குச் சாயந்தரம் வீட்டுல இருப்பீங்க. பாப்பா ரயில் சனிக்கிழமைதானே? அப்புறம் என்ன?"

அலுவலகத்தில் சுவரோடு சேர்த்து ஒரு கேமராவை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். உள்ளே வருகிற எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்தி ஒரு படம். சோபாக்காரரையும் நிறுத்தினார்கள். அவரோ இன்னும் அடங்கவில்லை.

"என் பொண்ணு ஊருக்குப் போறா சார்!" என்று கத்தினார். அந்தக் கடைசி வார்த்தைக்கு வாய் ஆவென்று திறந்திருந்தபோது கேமரா கண்ணைச் சிமிட்டியது.

படம் நன்றாகவே விழுந்தது. இடது கன்னம் வழவழப்பு. வலது கன்னத்தில் நுரை. நடுவில் வாய், குகை மாதிரி.

இங்கே அந்தச் சிறையின் விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எப்போதோ, எங்கேயோ ஒரு சிறைக்கு நடந்து போனவன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். பெரிய ரகளையாகிவிட்டது. உடனே தலைமையகம் எல்லாச் சிறைகளுக்கும் ஒரு வரி எழுதி அனுப்பியது: கைதி எந்த நிலையில் வந்தாரோ, அதே நிலையில் வெளியே அனுப்பப்பட வேண்டும். மற்ற ஊர்களில் இதைப் படித்தவர்கள், "ஆளை அடிக்காதே" என்று புரிந்துகொண்டு, லத்தியை மூலையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நம் கண்காணிப்பாளர் அப்படி அவசரப்பட்டுப் புரிந்துகொள்கிறவர் அல்ல. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். பிறகு கேமரா வாங்கினார்.

அதிலிருந்து வரும்போது ஒரு படம், போகும்போது ஒரு படம். இரண்டும் ஒத்துப்போனால்தான் கதவு திறக்கும். விக்கலோடு வந்த ஒரு பால்காரர், விக்கல் நின்றுவிட்ட காரணத்தால் கூடுதலாக ஒரு வாரம் இருந்தார். குடித்துவிட்டு வந்த ஒருவரை அதே நிலையில் அனுப்புவதற்காக அரசாங்கச் செலவில் பாட்டில் வாங்கினார்கள். அந்த ஆள் அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்து சிறை வாசலில் சத்தம் போட ஆரம்பித்தார். "பாருங்க, இங்க இருந்து போனவங்க திரும்பி வர ஆசைப்படுறாங்க," என்று கண்காணிப்பாளர் மேலிடத்துக்குப் பெருமையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் சோபாக்காரரின் ஒரு நாள் முடிந்தது. துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேமரா முன் வந்து நின்றார். கண்காணிப்பாளர் பழைய படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நுரை எங்கே?"

"காஞ்சு போச்சு சார். நேத்தே துடைச்சுட்டேன்."

"துடைச்சீங்களா! யாரைக் கேட்டு?" கண்காணிப்பாளரின் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நுரையோட வந்த ஆளை நுரை இல்லாம அனுப்பினா, நாளைக்கு நீங்களே வெளியில போயி, 'உள்ள இருந்தப்ப என் நுரையைப் பறிச்சுக்கிட்டாங்க'ன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"சத்தியமா சொல்ல மாட்டேன் சார்!"

"இடது கன்னத்துல முள்ளு முளைச்சிருக்கு. அதுவும் நீங்க கொண்டு வந்தது இல்ல. இங்க வந்து சம்பாதிச்சது." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எனக்கு முன்னாடி இருந்தவங்க கைதியை அடிச்சாங்க. நான் இதுவரைக்கும் ஒருத்தரையாவது தொட்டிருக்கேனா, சொல்லுங்க? விதியை மட்டும்தான் உள்ள விடுவேன். அது வேலையை அது பாத்துக்கும்."

காலையில் கத்தரியை வரவழைத்து முகத்தைப் பழையபடி ஆக்கலாம் என்று முடிவாயிற்று. வெளியே கம்பிக் கதவருகில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். உள்ளே விடவில்லை.

"குறுகிய காலக் கைதியைப் பாக்க ஒரு வாரம் முன்னாடியே மனு கொடுக்கணும்மா," என்று தலைமைக் காவலர் தலையைச் சொறிந்தார்.

"அவரு வந்தே ஒரு நாள்தானே ஆகுது?" என்றாள் மனைவி.

"ஆமா. அதனால பிடிபடுறதுக்கு முன்னாடியே கொடுத்திருக்கணும்."

மகள் கம்பி வழியாகக் கத்தினாள். "அப்பா, நான் போகலப்பா! அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!"

"வாயை மூடு! எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைச்ச இடம். மரியாதையா போயி ரயில் ஏறு. காலைல நான் ஸ்டேஷன்ல நிப்பேன்."

"நிச்சயமா வருவீங்களா?"

"ஒரு கன்னம்தான்டா கண்ணு பாக்கி. வராம எங்க போவேன்?"

சனிக்கிழமை விடிந்ததும் கத்தரி பெட்டியோடு வந்து நின்றார். இங்கே இன்னொரு சிக்கல். கத்தி சிறைக்குள்ளே வரக் கூடாது. கைதி சிறைக்கு வெளியே போகக் கூடாது. கடைசியில் சோபாக்காரர் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முகத்தை மட்டும் வெளியே நீட்டினார். கத்தரி தெருவில் மண்டிபோட்டு இடது கன்னத்தை வழித்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தன.

வலது கன்னத்தில் நுரை போட்டாயிற்று. சோபாக்காரர் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. சாவி கண்காணிப்பாளரிடம். கண்காணிப்பாளர் காலைச் சாப்பாட்டில் இருந்தார். அவர் கை கழுவி வருவதற்குள் நுரை உட்கார்ந்துவிட்டது.

"படத்துல இருக்கிறது பொங்கி நிக்குது. இது படுத்துக் கிடக்குது," என்றார் கண்காணிப்பாளர்.

மறுபடியும் கம்பி, மறுபடியும் நுரை, மறுபடியும் ஓட்டம். இந்தத் தடவை நுரை அதிகமாகிவிட்டது.

"கொண்டு வந்ததைவிட அதிகமா கொண்டு போகக் கூடாது. அது அரசாங்கச் சொத்து."

மூன்றாவது முறை நுரை அச்சாக அமைந்தது. கண்காணிப்பாளரே தலையாட்டிவிட்டார். சோபாக்காரர் கதவைப் பார்த்தார்.

"இருங்க. வாய்."

"என்ன சார்?"

"படத்துல வாய் திறந்திருக்கு."

சோபாக்காரர் ஆவென்று வாயைத் திறந்தார்.

"இது கொட்டாவி. அது வேற."

இன்னொரு தடவை திறந்தார். "இது பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்கு. மனசுல இருந்து வரணும்."

முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தண்டவாளம். சோபாக்காரர் நுரைக் கன்னத்தோடு வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து ரயில் ஊதியது. முதலில் நீளமாக, பிறகு குட்டையாக. சக்கரங்கள் மெல்ல உருள ஆரம்பித்தன. அலுவலக ஜன்னல் கம்பிகள் லேசாக நடுங்கின.

"என் பொண்ணு போறா சார்!" என்று அலறினார் சோபாக்காரர்.

"அதுதான்! அப்படியே, அப்படியே இருங்க!" கண்காணிப்பாளர் துள்ளி எழுந்தார். கேமரா சிமிட்டியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆஹா! இதைத் தலைமையகத்துக்கு அனுப்பணும். நீங்க போகலாம்."

நுரைக் கன்னத்தோடு ஒரு மனிதர் தெருவில் தலைதெறிக்க ஓடினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. ஸ்டேஷனில் நடைமேடை காலி. மனைவி மட்டும் நின்றிருந்தாள். கைப்பேசியை நீட்டினாள். யாரோ ஒரு போர்ட்டர் எடுத்துக் கொடுத்த படம். ஒரு ஓரத்தில் அம்மா, மறு ஓரத்தில் மகள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"கடைசி வரைக்கும் கதவுலயே நின்னா. நீங்க ஓடி வருவீங்கன்னு," என்றாள்.

சோபாக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அழாதீங்க," என்றாள் மனைவி. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "நீங்க அழுதா அந்த ஜெயில்காரனுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் கண்ணு முன்னாடியும் ஒரு ரயில் போகணும். அதுக்கு வழி பாருங்க."

அன்றிலிருந்து சோபாக்காரர் வலது கன்னத்தில் கத்தி வைக்கவில்லை. இடது கன்னத்தை வாரா வாரம் மழமழவென்று வழித்துக்கொள்வார். வலது பக்கத்தில் தாடி தோப்பு மாதிரி வளர்ந்தது. சோபாவுக்கு அளவெடுக்கப் போகிற வீடுகளில் குழந்தைகள் பயந்தன, பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். "என்னய்யா இது கோலம்?" என்று கேட்டால், "இன்னும் என் முறை முடியல," என்பார். வேறு பேச்சு கிடையாது.

வழி தானாக நடந்து அவருடைய சோபாக் கடைக்கே வந்தது. ஒரு நாள் தலைமைக் காவலர் வந்து, பஞ்சு மூட்டையின் மேல் சங்கடத்தோடு உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க ரெண்டு படமும் மேலிடத்துல பெரிய பேராயிடுச்சு. கமிஷனரே நேர்ல வந்து கேடயம் கொடுக்கப் போறாரு. விடுதலையான ஒருத்தர் நன்றி சொல்லிப் பேசணுமாம். சார் உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னைக்கு?"

"வர்ற வெள்ளிக்கிழமை சாயந்தரம்." தலைமைக் காவலர் குரலைத் தாழ்த்தினார். "இதை வெளியில சொல்லாதீங்க. சாருக்குத் தலைமையகத்துல பெரிய பதவி போட்டிருக்காங்க. அவருக்கே இன்னும் தெரியாது. கமிஷனர் விழாவுலதான் சொல்லப் போறாரு. மறுநாளே போயி உக்காரணுமாம். தொலைஞ்சது சனியன்னு நான் நிம்மதியா இருக்கேன். எங்க தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப லீவு கேட்டேன். 'வேலைக்கு வந்த அன்னைக்கு நீங்க லீவுல வரல. வந்தபடியே இருங்க'ன்னுட்டாரு."

சோபாக்காரர் வலது தாடியைத் தடவிக்கொண்டார். "வர்றேன்னு சொல்லுங்க," என்றார்.

அன்று சாயந்தரமே கத்தரியின் கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

"கத்தரி, அந்த ஆளு சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

"யாரு, அவரா? எத்தனை வருஷமா அந்த மூஞ்சியை வழிக்கிறேன். சிரிச்சா கன்னத்துல எந்த இடத்துல மடிப்பு விழும்னு எனக்கே தெரியாது. எதுக்குக் கேக்குறே?"

"சும்மாதான்," என்றார் சோபாக்காரர். சும்மா இல்லை என்று கத்தரிக்குத் தெரிந்தது.

விழா அன்று முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். கமிஷனர் வந்தார். அவசரமான மனிதர், உட்காரும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். சோபாக்காரரின் பாதித் தாடியைக் கண்டதும் அதையே பார்த்தார்.

"எப்படி அனுப்பினோமோ அப்படியே இருக்காரு பாருங்க சார்!" என்றார் கண்காணிப்பாளர் பெருமையோடு. "எங்க வேலை அவ்வளவு உறுதி." பிறகு மைக்கைப் பிடித்தார்.

"மனிதாபிமானம் என்று பலரும் பேசுகிறார்கள். மனிதாபிமானம் என்றால் என்ன? இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒருவர் அழுதுகொண்டு வந்தால், அழுதுகொண்டே போகிற உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையைப் பறிக்க நான் யார்? சில நேரம் தாமதம் ஆகலாம். கைதியின் குடும்பம் வெளியே காத்திருக்கலாம். ஆனால் குடும்பம் இன்று வரும், நாளை போகும். விதி நிரந்தரம். விலக்குக் கேட்டு வருகிறவர்களுக்காகவும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். விலக்கு அளிக்கும் அதிகாரம் இந்த ஊரில் கண்காணிப்பாளர் ஒருவருக்குத்தான். கண்காணிப்பாளர் இதுவரை யாருக்கும் அளித்ததில்லை."

கைதட்டினார்கள். அடுத்து சோபாக்காரர் எழுந்தார்.

"பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. என் முகமே பேசும்." கூட்டம் சிரித்தது. "இந்த விதியால நான் அனுபவிச்சதை நான்தான் சொல்ல முடியும். ஆனா எனக்கு ஒரு குறை. இதைக் கொண்டு வந்த சாரு மட்டும் இன்னும் இதை அனுபவிக்கல. நாளைக்கு ஊர் ஊரா இதைப் போடும்போது, 'போட்டவரு உள்ள போயிருக்காரா?'ன்னு எவனாவது நாக்கு மேல பல்லைப் போட்டுக் கேட்டா? அதனால சாரை ஒரு மணி நேரம் முறைப்படி உள்ள எடுத்து, முறைப்படி அனுப்பணும். கமிஷனர் ஐயா கையாலேயே அது நடக்கணும்னு கேட்டுக்கிறேன்."

இந்த முறை கைதட்டல் ஓட்டைப் பிய்த்தது. அதிகமாகத் தட்டியவர் தலைமைக் காவலர்.

"பிரமாதம்!" என்றார் கமிஷனர். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

கண்காணிப்பாளருக்கு ஆட்சேபணை இருந்தது. ஆனால் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாக்கியம் சார்," என்றார்.

கமிஷனர் கையெழுத்துப் போட்டார். கண்காணிப்பாளர் இடுப்பு பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் கழற்றித் தலைமைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, திறந்த கதவு வழியாக முற்றமே பார்க்க, அலுவலகத்துக் கேமரா முன்னால் விறைப்பாக நின்றார். வழக்கமான அந்த முகம். கருங்கல்லில் இரண்டு கண் வைத்ததுபோல்.

சோபாக்காரர் கமிஷனர் காதருகே குனிந்தார். "ஐயா, சாருக்கு ஏதோ நல்ல சேதி வச்சிருக்கீங்களாமே. அவசரமா வேற கிளம்பணும்போல இருக்கு. இப்பவே சொல்லிட்டா படமும் நல்லா வரும்."

கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதுவும் சரிதான். இந்தாப்பா, உனக்குத் தலைமையகத்துல இடம் போட்டாச்சு! எல்லாச் சிறைக்கும் இனிமே நீதான்!"

அப்போது அந்த ஊர் இதுவரை காணாத ஒன்று நடந்தது. கருங்கல்லில் விரிசல் விட்டது. உதடு விலகியது, பல் தெரிந்தது, கன்னம் இரண்டும் மேலேறிக் கண்ணை மூடியது. கடைசி வரிசையில் நின்றிருந்த கத்தரி, "ஓ, அங்கதான் மடிப்பு விழுமா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

தலைமைக் காவலர் பட்டனை அழுத்தினார். கேமரா சிமிட்டியது.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்து பொறுப்பு எடுத்துக்கணும்," என்றார் கமிஷனர், காரில் ஏறிக்கொண்டே. "காலை ரயிலை விட்டுடாதே. நீ வரலைன்னா வரிசையில அடுத்த ஆளு ரெடியா நிக்கிறான்."

ஒரு மணி நேரம் கழித்துக் கண்காணிப்பாளரை வெளியே அழைத்து நிறுத்தினார்கள். தலைமைக் காவலர் பழைய படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிரிப்பு எங்க சார்?"

"என்னய்யா விளையாடுறே? கதவைத் திற!"

"சிரிச்சுட்டு வந்த ஆளைச் சிரிக்காம அனுப்பினா, 'உள்ள இருந்தப்ப என் சிரிப்பைப் பறிச்சுக்கிட்டாங்க'ன்னு நாளைக்கு நீங்களே சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

கண்காணிப்பாளர் சிரித்துக் காட்டினார். பற்களைக் கடித்து உதட்டை இழுத்தார்.

"இது பல்வலி சார். படத்துல இருக்கிறது சந்தோஷம்."

"நான் விலக்கு அளிக்கிறேன்! எனக்கு அதிகாரம் இருக்கு!"

"கண்காணிப்பாளருக்கு இருக்கு சார். நீங்க இப்ப கைதி. கண்காணிப்பாளர் வெளியில வரட்டும், உடனே கேட்டு வாங்கிடுறேன்."

கமிஷனருக்குப் போன் போட்டார்கள். அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கொண்டு வந்தவனுக்கே விலக்குன்னா ஊரு சிரிக்கும்யா. கொஞ்சம் சிரிச்சுட்டுச் சீக்கிரம் வந்து சேரச் சொல்லு."

சனிக்கிழமை காலை சோபாக்காரரும் மனைவியும் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். கத்தரியையும் வரவழைத்திருந்தார்கள். அவர் கம்பிக்குள் கையை விட்டு, நுரைப் பிரஷ்ஷால் கண்காணிப்பாளரின் காதோரத்தில் கூச்சம் காட்டினார். தனக்குத் தெரிந்த சிரிப்புத் துணுக்குகளை எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த காவலர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளரின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது. இரண்டு விரலால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்கள். படத்தில் விரல் இல்லை என்பதால் அதுவும் செல்லவில்லை.

கண்காணிப்பாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "யோவ் சோபா! நீயாவது சொல்லுய்யா. என் ரயில் போயிடும்யா!"

"மனசுல இருந்து வரணும் சார்," என்றார் சோபாக்காரர்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் ஊதியது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. கண்காணிப்பாளரின் வாய் ஆவென்று திறந்தது. தலைமைக் காவலர் ஆசையோடு கேமராப் பக்கம் திரும்பினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"இது சோபா அண்ணனோட படம் சார். உங்களோடது இல்ல."

சக்கரச் சத்தம் தேய்ந்து மறையும் வரை சோபாக்காரரின் மனைவி கண்காணிப்பாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காட்சியில் ஒரு துளியையும் தவறவிடவில்லை. பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "வாங்க போகலாம்," என்றாள்.

மத்தியானத்துக்குள் வரிசையில் அடுத்த ஆள் தலைமையகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அதைக் கேட்ட பிறகு கண்காணிப்பாளர் முயற்சி செய்வதையும் விட்டுவிட்டார்.

சாயந்தரம் சோபாக்காரர் கத்தரியின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கன்னத்தில் கெட்டியாக நுரை. பக்கத்தில் மனைவி கைப்பேசியில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். "இரு, முழு மூஞ்சியோட ஒரு படம் எடுத்து அனுப்புறேன். உங்கப்பா இப்பத்தான் மனுஷனா ஆகிட்டிருக்காரு."

கத்தரி தோப்பில் பாதியை அழித்திருந்தபோது வாசலில் பூட்ஸ் சத்தம். தலைமைக் காவலர்.

"கத்தரி அண்ணே, கொஞ்சம் வரணும். சாரு மூஞ்சியில தாடி முளைக்க ஆரம்பிச்சுடுச்சு. அதுவும் படத்துல இல்ல. வழிச்சுட்டு மறுபடி சிரிக்க வச்சுப் பாக்கணும். ரொம்ப அவசரம்கிறாரு."

கத்தரி கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் சோபாக்காரரைப் பார்த்தார். சோபாக்காரர் கண்ணைத் திறக்கவில்லை.

"பாதியில எப்படி எழுந்திருக்கிறது? வரிசையில உக்காரச் சொல்லுங்க."

தலைமைக் காவலர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் சௌகரியமாகச் சாய்ந்தார். பக்கத்தில் கிடந்த பழைய வாரப் பத்திரிகையை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"மெதுவா பண்ணுங்க அண்ணே," என்றார். "அவசரம் அவருக்குத்தான். எனக்கு இல்ல."